தோட்டத்துச் சபைகளின் தர்மப் பணம் யாருக்குப் போக வேண்டும்?

அறுப்பின் பண்டிகை நாளில் தமிழ்ச் சபைகளின் ஆலய முற்றத்தில் நடக்கும் ஏலத்தில் சந்தை விலை செல்லாது. ஒரு சீப்பு வாழைப்பழம், கால் கட்டிய நாட்டுக்கோழி, கொல்லையில் காய்த்த பூசணி, ஒரு கைப்பிடி ஏலக்காய் என்று எது வந்தாலும் கடை விலையைவிடப் பல மடங்கு கூட்டிக் கேட்டுத்தான் எடுப்பார்கள். எடுத்தவரே அதைத் திரும்பவும் காணிக்கையாக வைத்து, மறுபடி ஏலம் போவதும் உண்டு. நாள் கூலிக்குக் கொழுந்து கிள்ளுகிறவர்களும் ஏலக்காட்டில் களை எடுக்கிறவர்களும் இதில் பின்வாங்குவதில்லை. இந்த மக்களுக்குக் கொடுக்க மனமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வந்த பணத்தை எங்கே கொடுப்பது என்பதில்தான் சேகரக் கமிட்டியிலும் பங்குப் பேரவையிலும் பேச்சு தடிக்கிறது. ‘நம்ம லயமே ஒழுகுது, வெளியூருக்கு எதுக்கு அனுப்பணும்’ என்பது ஒரு கட்சி. ‘வெளிநாட்டுக்காரன் கொடுத்துத்தானே நமக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தது, நாமும் வெளியே கொடுக்க வேண்டாமா’ என்பது இன்னொரு கட்சி. கேரள மலையில் சின்னக்கானல், சூரியநெல்லி, பெரியகானல் தொடங்கி தேவிகுளம், மூணாறு வரை, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த சபைகளுக்கு இது வெறும் கணக்கு வழக்குப் பிரச்சினை இல்லை.

இரண்டு கட்சியுமே தூரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு வாதாடுகின்றன என்பதுதான் என் குறை. பக்கத்திலிருப்பவனா, தூரத்திலிருப்பவனா என்று பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தேவையைத் தீர்க்கச் சட்டப்படி கடமைப்பட்டவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால், சபையின் பணம் அவருடைய கடமையை அடைக்கப் போகக் கூடாது. அவரிடமிருந்து அதை வாங்கிக் கொடுப்பதற்கு வேண்டுமானால் போகலாம். அப்படி யாருமே இல்லாத இடம் எதுவோ, அங்கேதான் தர்மப் பணம் போக வேண்டும். அந்த இடம் ஆனையிறங்கல் அணையின் கரையில் இருந்தாலும் சரி, கடலுக்கு அப்பால் இலங்கையின் பதுளையில் இருந்தாலும் சரி.

ஒழுகுகிற லயத்தையே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டையே, எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளிக்குக் குடியிருக்க வீடு, குடிநீர், கழிப்பறை, மருத்துவம், கைக்குழந்தைகளுக்குப் பிள்ளைக் காப்பகம் இவையெல்லாம் முதலாளி பார்த்துப் போடும் பிச்சை அல்ல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக எழுதிவைத்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமைகளைத் தக்கவைத்திருக்கிறது. ஆனால், மலையில் நடப்பது வேறு. ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் சிறு திண்ணை என்று வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய வரிசைகளில் மூன்று தலைமுறை ஒன்றாக முடங்கிக் கிடக்கிறது. தகரம் துருப்பிடித்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் கல்லைத் தூக்கிவைத்து மழைக்காலத்தைத் தள்ளுகிறார்கள். 2022 மழையில் பீர்மேடு பகுதியின் ஏலப்பாறைக்கு அருகே ஒரு லயம் இடிந்து தொழிலாளப் பெண் ஒருவர் இறந்தார். இப்படிப்பட்ட லயத்துக்கு ஒரு சபை தன் காணிக்கையிலிருந்து புதுத் தகரம் வாங்கிப் போட்டால், அந்தக் குடும்பம் நனையாமல் தூங்கும் என்பது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்துவிடுகிறது. நிர்வாகம் போட வேண்டிய தகரத்தைத் தொழிலாளியின் சக தொழிலாளி தன் கூலியிலிருந்து போட்டுவிட்டார். அடுத்த வருடம் நிர்வாகத்திடம் போய்க் கேட்டால், ‘உங்க கோயில்லதான் செஞ்சு கொடுக்கிறாங்களே’ என்ற பதில் தயாராக இருக்கும்.

தர்மம் தர முடியாததை உரிமைக் குரல் வாங்கித் தந்ததற்கு இந்த மலையிலேயே சான்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு நகரத் தெருவில் உட்கார்ந்த ‘பெண்பிள ஒருமை’ என்ற பெயரில் திரண்ட தோட்டத் தொழிலாளப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒன்பது நாளில் 20 சதவீத போனஸை வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். அதையொட்டி எழுந்த கோரிக்கையால் அந்த அக்டோபரில் தேயிலைத் தோட்ட நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய்க்கு உயர்ந்தது. அவர்கள் கேட்டது 500. கிடைத்தது குறைவுதான். ஆனாலும் நாளுக்கு 69 ரூபாய் கூடியது. மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் ஒருவருக்கு 1,725 ரூபாய். நூறு பேர் வேலை செய்யும் ஒரு டிவிஷனுக்கு மாதம் ஒரு லட்சத்து 72 ஆயிரத்து ஐந்நூறு. எந்தத் தோட்டச் சபையின் ஏழைகள் நிதியும் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் அந்தத் தொகையை மாதாமாதம் கொடுக்க வழியில்லை. அந்தப் பெண்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போட்ட அதே கைகள்தான் அன்று தெருவில் முஷ்டி மடக்கி உயர்ந்தன.

ஐந்து ஆண்டுக்குப் பிறகு, 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலருடைய வேர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். அந்த வேறுபாட்டைக் கேட்டு மலை கொதித்தது. சபைகளும் சங்கங்களும் அனுப்பிய அரிசியும் கம்பளியும் அந்த வாரத்துக்கு அத்தியாவசியம்தான். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால், அரிசி வந்த வேகத்தில், இழப்பீட்டில் சமநீதி கேட்கும் குரலும் ஒவ்வொரு ஆலயத்திலிருந்தும் வந்திருந்தால் அதுவும் தர்மம்தானே? நம் சபைகள் நிவாரணப் பொருள் திரட்டுவதில் காட்டும் திறமையில் பாதியைக்கூட நிவாரணத்தின் நியாயத்தைக் கேட்பதில் காட்டுவதில்லை.

இது ஏதோ தொழிற்சங்க மேடையிலிருந்து திருச்சபைக்குள் கொண்டுவரப்பட்ட சிந்தனை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 1891இல் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலிலேயே, ஒரு தொழிலாளியும் அவன் குடும்பமும் கண்ணியமாக வாழப் போதிய கூலி என்பது நீதியின் கடன் என்று வாதிட்டார். அதைவிடத் தெளிவாக, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி குறித்து வெளியிட்ட ஏடு ஓர் எச்சரிக்கை தருகிறது: நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால், அவருக்கே உரியதை அன்பின் கொடை போலக் காட்டி நீட்டுகிற தவறு நடந்துவிடும் என்கிறது அது. துன்பத்தின் விளைவை மட்டுமன்றி அதன் காரணத்தையும் அகற்ற வேண்டும் என்றும், உதவி பெறுகிறவர் பிறரை நம்பியே காலம் தள்ளாமல் தன் காலில் நிற்கும்படி உதவி அமைய வேண்டும் என்றும் அதே பத்தி தொடர்கிறது. அறுபது ஆண்டுக்கு முன் உலக ஆயர்கள் கூடி ஏற்றுக்கொண்ட இந்தக் கொள்கையை நம் பங்குகளின் உதவிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்றைக்கும் நேரம் தவறவில்லை.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு நியாயமானது. இன்றிரவு மழை பெய்கிறது, குழந்தை நனைகிறது, சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்பார்கள். உட்காரக் கூடாது. தார்ப்பாயை இன்றிரவே கொடுக்க வேண்டும். ஆனால், தார்ப்பாயோடு ஒரு கடிதமும் போக வேண்டும். எந்த டிவிஷன், எந்த லயம், எத்தனையாம் வீடு, எப்போதிருந்து ஒழுகுகிறது என்று எழுதி, நிர்வாகத்துக்கு ஒரு பிரதியும் தோட்டத் தொழிலாளர் ஆய்வாளருக்கு ஒரு பிரதியும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவைக்க வேண்டும். இதற்குத் தேவை பெருந்தொகை அல்ல. சபையில் படித்த ஓர் இளைஞர், மலையாளத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒருவர், அலைச்சலுக்கு ஜீப் வாடகை, எப்போதாவது ஒரு வக்கீல் ஃபீஸ். பிஎஃப் பணம் முடங்கிக் கிடப்பவருக்கும், கிராஜுவிட்டிக்கு அலைகிறவருக்கும், யானை தாக்கி இறந்தவர் குடும்பத்துக்கு வனத்துறையிடமிருந்து வர வேண்டிய இழப்பீட்டுக்கும் இதே வழி பொருந்தும். பாரிசில் 1833இல் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்று நம் பங்குகளிலும் இயங்குகிறது. ஏழையின் வீட்டுக்கு நேரில் போய் உட்கார்ந்து பேசுவதுதான் அதன் ஆதாரப் பழக்கம். அப்படி உட்காருகிறவர் கையில் அரிசிப் பையோடு ஒரு விண்ணப்பத் தாளும் இருக்கலாம்.

அப்படியென்றால் காணிக்கைப் பணமாகவே போய்ச் சேர வேண்டியவர்கள் யார்? இதில்தான் சபைகள் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். முதலில், ஓய்வு பெற்றவர்கள். முப்பது, நாற்பது வருடம் கொழுந்துக் கூடையைச் சுமந்தவர், ஓய்வு நாள் வந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் இன்னொருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அந்தக் கூரை நிலைக்கும். சொந்த நிலம் மலையில் இல்லை. தேனியிலோ திருநெல்வேலியிலோ இருந்த பூர்வீக வீடும் பங்காளிகளிடம் போயிருக்கும். 2014 முதல் பிஎஃப் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதற்கு மூட்டுவலி மாத்திரை வாங்கலாம். வாடகை கொடுக்க முடியாது. கம்பெனியின் கடமை முடிந்துவிட்டது, அரசின் கை முழுதாக எட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த முதியவர்கள் நிற்கிறார்கள். அடுத்து, ஏலக்காடு. போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி வந்து, இருட்டுகிற நேரம் இறங்கிப் போகிற பெண்களில் பலர் சிறு தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். 5 ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்துக்குத் தோட்டச் சட்டத்தின் கடமைகள் பொருந்துவதில்லை. கை ஒடிந்தால் அன்றோடு கூலி நின்றது.

மூன்றாவது கூட்டம் புதியது. தமிழ்ப் பிள்ளைகள் படித்து மலையிறங்கிப் போகப் போக, லயங்களில் ஜார்க்கண்ட், அசாம், வங்காளக் குடும்பங்கள் குடியேறிவருகின்றன. ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. நம் முப்பாட்டன்மார் கங்காணி பின்னால் தெரியாத மொழி பேசும் மலைக்கு ஏறி வந்த கதைதான் இவர்கள் கதையும். இந்தக் குடும்பங்களின் குழந்தைக்குப் பள்ளியில் தமிழும் புரியாது, மலையாளமும் புரியாது. பள்ளி அரசின் பொறுப்பு. ஆனால், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை. நான்காவதாக, 301 காலனி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு சின்னக்கானலில் நிலம் கொடுத்துக் குடியமர்த்திய பழங்குடிக் குடும்பங்கள் யானைத் தடத்திலேயே மாட்டிக்கொண்டன. பலர் விட்டுப் போய்விட்டார்கள். 2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டுயானையைப் பிடித்து லாரியில் ஏற்றியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் பிறகு மிச்சமிருக்கும் குடும்பங்களை எத்தனை பேர் நினைத்தார்கள்? இவர்களில் பெரும்பாலோர் எந்தச் சபையின் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். உதவிப் பட்டியலில் அவர்கள் முதலில் வர அதுவே போதுமான காரணம் என்பேன். சபையாருக்குச் சபையார் செய்வது உறவுமுறைச் செய்முறை போன்றது. நல்லதுதான், ஆனால் திரும்பி வரும் என்ற கணக்கு அதில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி வெளியே அனுப்பும் பணத்துக்கு வருவோம். ஏழைச் சபைக்கு எதற்கு இந்த வேலை என்ற கேள்விக்குப் புதிய ஏற்பாட்டுக் காலத்திலேயே பதில் இருக்கிறது. எருசலேமில் வறுமைப்பட்டவர்களுக்காகப் பவுல் திரட்டிய பணத்தில் அதிகம் பாராட்டப்பட்டது செல்வமிக்க கொரிந்துவின் பணம் அல்ல. தாங்களே வறுமையில் இருந்துகொண்டு, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கொடுத்த மக்கெதோனியச் சபைகளின் பணம். தமிழ் மண்ணில் அதற்கு இணையான நிகழ்ச்சி 1903இல் பாளையங்கோட்டையில் நடந்தது. வி.எஸ். அசரியாவும் அவரோடிருந்தவர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, திருநெல்வேலிச் சபைகள் இன்னும் இங்கிலாந்துச் சங்கங்களின் உதவியை வாங்கிக்கொண்டிருந்தவைதான். ஆனாலும் நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று உறுதியெடுத்து, மொழி தெரியாத நிஜாம் சமஸ்தானத்தின் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். அசரியா பின்னர் தாமே அங்கு போய், 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கிவைக்கும் பழக்கம் பனையேறிகளின் வீடுகளிலிருந்துகூட நிதி சேர்த்தது. அந்தச் சங்கத்தின் முதல் நோக்கம் சுவிசேஷம் சொல்வது. நான் இங்கே பேசுவது வேறு வகைக் கொடை. ஆனாலும், வாங்கிப் பழகிய ஒரு மக்கள் கூட்டம் கொடுக்கத் தொடங்கியதும் நிமிர்ந்து நடந்த வரலாறு அது. தோட்டத் தொழிலாளியை எப்போதும் நிவாரண வரிசையில் மட்டுமே நிறுத்திப் பார்த்துப் பழகிவிட்ட கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் இந்த வரலாறு தேவை.

வெளிநாட்டுப் பணத்தை நம்பியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைக்கால உதாரணங்கள் உண்டு. வெளிநாட்டு உதவியை நான் குறைத்துப் பேசவில்லை. 1900இல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை கடல் கடந்த சபைகளின் காணிக்கையில் வளர்ந்தது. பிறகு தன் வருமானத்தில் நிற்கும் அளவுக்குப் பெருகி, நாட்டின் மூலை முடுக்கிலுள்ள மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர்களை அனுப்புகிறது. இது நல்ல கொடையின் அடையாளம். இன்னொரு வகையும் இருந்தது. குழந்தைக்கு ஒரு வெளிநாட்டுப் புரவலர், மாதம் ஒரு தொகை, வருடம் ஒரு கடிதம் என்ற ஏற்பாட்டில் பல விடுதிகள் ஓடின. 2017 மார்ச்சில் உள்துறை அமைச்சகத்தின் கட்டுப்பாட்டால் கம்பாஷன் இன்டர்நேஷனல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, ஏறத்தாழ 1,45,000 குழந்தைகளின் ஆதரவு அறுந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். பணம் பெற்ற அமைப்பு அதைச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடுத்துவிட்டார்கள். அந்தக் கடைசி விதி மலைக்கு வந்த வாய்க்காலை அடைத்துவிட்டது. பெரிய அமைப்பிடமிருந்து கிடைக்கும் சிறு தொகையில் இயங்கிய உள்ளூர்க் குழுக்களால் டெல்லியில் தனிக் கணக்கு திறந்து, தனிப் பதிவு வாங்கித் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இந்தச் சட்டத்தில் அரசின் நோக்கம் பற்றி எனக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. ஆனால், அரசு நாளைக்கே மனம் மாறினாலும், ஓர் அமைச்சகத்தின் கையெழுத்தில் தொங்கும் தர்மத்தை நம்பி ஒரு குழந்தையின் படிப்பைத் திட்டமிடக் கூடாது.

ஆகவே வெளியே கொடுப்பதும் என் அளவுகோலின்படியே நடக்க வேண்டும். மூணாறு மலைச் சபைகளுக்கு நெருங்கிய வெளிநாடு ஒன்று உண்டென்றால் அது இலங்கையின் மலையகம். அதே கங்காணி முறை, அதே லயம், அதே கொழுந்து. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்தின் கவியிலும் புனலூர்ப் பகுதியிலும் குடியமர்த்தப்பட்டார்கள். இன்றும் அவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டு, பதுளை, நுவரெலியா, கண்டி மலைகளில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. பெட்டிமுடியைப் பார்த்த மக்களுக்கு அந்தப் படங்களை விளக்கத் தேவையில்லை. லயம் நிற்கும் நிலம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை என்பதால், வீட்டை இழந்தவர்களின் பட்டியலில் தன் பெயரைச் சேர்ப்பதற்கே ஒரு மலையகக் குடும்பம் போராட வேண்டியிருக்கிறது. அங்கே போகும் ஒரு சிறு தொகை, யாரும் கடமையாக ஏற்காத தேவைக்குப் போகும் தொகை. ஆனால், இதில் ஒரு சட்டச் சிக்கலைச் சபைகள் அறிந்திருக்க வேண்டும். இந்தியத் தனிநபர் ஒருவர் வங்கி மூலம் வெளிநாட்டுக்கு அன்பளிப்போ நன்கொடையோ அனுப்ப வழி உண்டு. அறக்கட்டளைக்கு அந்த வழி திறந்ததல்ல. வெளிநாட்டில் செலவிடும் தொகைக்கு நேரடி வரி வாரியத்தின் தனி ஆணை இல்லாமல் வருமான வரி விலக்கும் கிடைக்காது. ஆர்வத்தில் யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிட்டுப் பின்னால் சபை முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஆர்வமுள்ள குடும்பங்கள் தனித்தனியாக வங்கி வழியே அனுப்புவதும், அனுமதி பெற்ற பெரிய அமைப்பின் வழியே போவதும்தான் நேர் வழி.

சபைகள் உரிமைப் பேச்சில் இறங்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். தோட்டத்துக்குள் உள்ள பல ஆலயங்கள் நிற்பதே கம்பெனி நிலத்தில்; நிர்வாகத்தைப் பகைத்துக்கொண்டு எப்படி வாழ்வது? மூணாறு கிறைஸ்ட் சர்ச் போன்ற ஆலயங்கள் தோட்டத் துரைமார் தங்களுக்கென்று கட்டிக்கொண்டவை என்பதும், அந்த வரலாற்றின் தயக்கம் இன்னும் நம்மில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால், ஓர் ஆயரோ பங்குத்தந்தையோ தனியாளாகக் கையெழுத்திட்டால்தான் அது பகை. வாரந்தோறும் வரும் ஐம்பது குடும்பங்கள் கையெழுத்திட்டு, பேராயமோ மறைமாவட்டமோ முத்திரையிட்டு அனுப்பும் கடிதத்தை எந்த நிர்வாகமும் குப்பையில் போட்டுவிட முடியாது. மேல்மட்டத் தலைமைக்கு நகரத்தில் அலுவலகம் இருப்பது இதற்கும் பயன்பட வேண்டும்.

கடைசியாக, மிகவும் கூர்மையான எதிர்ப்பு. கிறிஸ்தவர்களின் தர்மம் என்றாலே மதமாற்றத்துக்குத் தூண்டில் என்று சந்தேகிப்பவர்கள் நாட்டில் பெருகிவிட்டார்கள். சின்னக்கானலில் அந்தச் சந்தேகத்துக்கு உள்ளூர் நினைவும் இருக்கிறது. 2017 ஏப்ரலில் பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் ஒரு குழு நட்டிருந்த பெரிய இரும்புச் சிலுவையை வருவாய்த் துறையினர் இடித்து அகற்றியபோது, சிலுவையின் பெயரில் நிலம் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு மலை முழுக்க ஓடியது. அந்தக் குழுவுக்கும் பாரம்பரியச் சபைகளுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அவப்பெயர் எல்லோர்மேலும் ஒட்டியது. இதற்கு மேடைப் பேச்சால் பதில் சொல்ல முடியாது. கணக்கால் சொல்லலாம். யாருக்கு என்ன காரணத்துக்காக எவ்வளவு கொடுத்தோம், அவர் என்ன மதம் என்று கேட்காமலே கொடுத்தோம் என்பதை, பெற்றவரின் பெயர் மட்டும் மறைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆலயச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று வேதத்தில் இல்லையா என்று இதற்கும் மறுப்பு வரும். அது கொடுக்கிறவரின் பெருமையைத் தடுக்கச் சொன்னது. பொருளாளரின் கணக்கு நோட்டை மூடிவைக்கச் சொன்னதல்ல. எருசலேமுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, சபைகளே தேர்ந்தெடுத்த ஆளைப் பவுல் உடன் அனுப்ப ஏற்பாடு செய்தார். இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகை ஏலம் தொடங்கும் முன்பே, போன ஆண்டுப் பணம் எந்த ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு வாடகையானது, எந்த ஜார்க்கண்ட் குழந்தைக்கு மாலை வகுப்பானது, எத்தனை விண்ணப்பம் எழுதினோம், அதில் எத்தனைக்கு நிர்வாகம் பதில் கொடுத்தது, எத்தனைக்கு இன்னும் கொடுக்கவில்லை என்று ஒரு பக்கத்தில் வாசித்துவிட்டு ஏலத்தை ஆரம்பிக்கலாம்.